பெரிய மிஸ்ஸின் மூடாத வட்டம்

அந்தக் கல்லூரியின் கணிதத் துறையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மாணவர்கள் ஒருவரைப் பெரிய மிஸ் என்றும் இன்னொருவரைச் சின்ன மிஸ் என்றும் கூப்பிட்டார்கள். பெரிய மிஸ் துறைத் தலைவி. சின்ன மிஸ் அவருடைய தம்பி மனைவி. தன்னை வேலைக்குச் சேர்த்துவிட்டது யார் என்பதைச் சின்ன மிஸ் மறந்துபோனால் நினைவூட்டப் பெரிய மிஸ் எப்போதும் தயாராக இருந்ததால், மறக்கும் வாய்ப்பே அவளுக்குக் கிடைத்ததில்லை.

இருவரும் ஒரே கட்டடத்தில் கீழ்வீடும் மேல்வீடுமாக இருந்தார்கள். ஒரே காரில் வேலைக்கு வந்தார்கள். காரில் ஏறும்போது "அண்ணி"யாக இருப்பவர் கல்லூரி வாசலைத் தாண்டியதும் "மேடம்" ஆகிவிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். "அண்ணி, கதவு சரியா மூடல" என்று வெளியே தொடங்கிய பேச்சு, உள்ளே வந்து "கொஞ்சம் இழுத்துச் சாத்துங்க மேடம்" என்று முடிந்ததும் உண்டு.

பெரிய மிஸ் பல வருஷங்களாகக் கரும்பலகையைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். கணினியில் கணக்குப் போடுவது, யாரோ மென்று கொடுத்ததைச் சாப்பிடுவது மாதிரி என்று மேடையிலேயே பேசியிருக்கிறார். பிறகு நிர்வாகம் நிறையச் செலவழித்துக் கணக்கு மென்பொருள் ஒன்றை வாங்கியது. துறைத் தலைவர்கள் எல்லோரும் அதைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்றது. வேண்டாவெறுப்பாக உட்கார்ந்த பெரிய மிஸ், முதல் வளைகோடு திரையில் தானாக ஓடி வந்ததைப் பார்த்ததும் அதன் வலையில் விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு துறையின் அச்சு எந்திரத்துக்கு ஓய்வே இல்லை. சுவரில் படம் ஒட்ட இடம் தீர்ந்து, அலமாரிக் கதவுகளிலும் ஒட்டினார்கள்.

அப்படி ஒரு நாள் காலையில்தான் அந்தக் கண்டுபிடிப்பு நடந்தது.

விஷயம் எளிமையானது. சுருள்கம்பியில் ஒரு எடையைத் தொங்கவிட்டு இழுத்து விட்டால் அது மேலும் கீழும் ஆடும். அதன் ஆட்டத்தைச் சொல்வது ஒரு இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு. எடை எங்கே இருக்கிறது என்பதைக் கிடைக்கோட்டிலும், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைக் குத்துக்கோட்டிலும் குறித்துக்கொண்டே போனால் கிடைப்பது கட்ட வரைபடம். பேச்சு வழக்கில் ஃபேஸ் படம். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், எடை ஒரு முறை ஆடி முடித்துத் தொடங்கிய இடத்துக்கே, தொடங்கிய வேகத்தோடு திரும்பி வரும். ஆகவே படத்தில் வருவது ஒரு மூடிய வட்டம். பாடப்புத்தகம் எழுதிய அத்தனை பேரும் இதில் ஒருமனதாக இருக்கிறார்கள். பெரிய மிஸ்ஸின் திரையில் மட்டும் வட்டம் மூடவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் வெளியே தள்ளி, சுருள் சுருளாக விரிந்துகொண்டே போனது.

பெரிய மிஸ் துறையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டார்.

"பாத்தீங்களா? உராய்வு பூஜ்யம். வெளியிலேர்ந்து யாரும் தள்ளல. ஆனா ஆட்டம் தன்னால கூடிக்கிட்டே போகுது."

எல்லோரும் பார்த்தார்கள். துறைத் தலைவி காட்டும் படத்தை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்த்தார்கள். அதாவது தலையைச் சற்றுச் சாய்த்து, புருவத்தை உயர்த்தி. ஒருவர் "அழகா இருக்கு மேடம்" என்றார். அது உண்மைதான்.

சின்ன மிஸ் மட்டும் படத்தைப் பார்க்காமல் அதற்குப் பக்கத்தில் இருந்த நிரலைப் பார்த்தாள். மென்பொருளில் இந்த வேலைக்கென்றே தயாராக ஒரு கட்டளை இருந்தது. பெரிய மிஸ் அதைத் தொடவில்லை. கல்லூரிக் காலத்தில் படித்த மிகப் பழைய, மிக எளிய முறையைத் தன் கையால் நாலு வரியில் எழுதி ஓட்டியிருந்தார். சொந்தமாக எழுதியதால் அதன்மேல் பாசம் வேறு. அந்த முறை என்ன செய்யும் என்றால், இப்போது இருக்கும் புள்ளியில் எந்தத் திசை தெரிகிறதோ அந்தத் திசையில் நேராக ஒரு அடி வைக்கும். பிறகு நின்று மறுபடி திசை பார்க்கும். மறுபடி நேராக ஒரு அடி. வளைந்த பாதையில் நேர் நேராக அடி வைத்தால் ஒவ்வொரு முறையும் பாதைக்குக் கொஞ்சம் வெளியேதான் போய் நிற்கும். அடி பெரிதானால் பிழையும் பெரிது. இதைச் சின்ன மிஸ் வருஷாவருஷம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர்கள் வருஷாவருஷம் தூங்கினார்கள்.

எல்லோரும் போன பிறகு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"மேடம், அடி அளவு பத்துல ஒண்ணுன்னு குடுத்திருக்கீங்க. ஆயிரத்துல ஒண்ணுன்னு குடுத்துப் பாக்கலாமா?"

"எதுக்கு?"

"சும்மா."

அளவை மாற்றி ஓட்டினாள். சுருள் போய் வட்டம் வந்தது. கண்ணுக்குத் தெரிந்த வரையில் தொடங்கிய இடத்திலேயே வந்து மூடியது. சின்ன மிஸ் அடக்கமாக இருக்க முயன்றாள். உதட்டோரம் மட்டும் கொஞ்சம் சொன்ன பேச்சுக் கேட்காமல் போனது.

பெரிய மிஸ் திரையைப் பார்த்தார்.

"நல்லா ஓடிட்டிருந்ததை நீ கெடுத்துட்ட."

"இல்ல மேடம், இதுதான் சரியான..."

"அடியை இவ்வளவு சின்னதாக்கினா அது எப்படி வளரும்? வளர எடம் குடுத்தாத்தானே வளரும்?"

முனைவர் பட்டம் வாங்கும்போதுகூடச் சின்ன மிஸ்ஸை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் முறையிட்டாள். அவர் பல் டாக்டர். பதில் சொல்ல முடியாத நிலையில் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பேசியே பழகியவர். பதில் சொல்லக்கூடியவர்கள் எதிரில் உட்கார்ந்தால் கொஞ்சம் தடுமாறுவார்.

"அக்கா சொல்றது தப்புன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியும்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப விடு. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாத்தான் பிரச்சன."

இந்த அறிவுரையின்படி அவள் விட்டாள். அது விடவில்லை.

கல்லூரியின் தாளாளர் ஒரு பஸ் முதலாளி. நாற்பது ஐம்பது வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. கல்லூரி அவருக்குக் கௌரவம், பஸ்தான் வாழ்க்கை. ஒரு நாள் துறைகளைச் சுற்றிப் பார்க்க வந்தவர், கணிதத் துறையின் அலமாரிக் கதவில் சுருளைப் பார்த்து நின்றார். பெரிய மிஸ் விளக்கினார். அவர் பாதி புரியாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, புரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"தன்னாலயா?"

"தன்னால சார்."

"யாரும் தள்ள வேணாம்?"

"வேணாம் சார்."

"எண்ணெய், டீசல்?"

பெரிய மிஸ் ஒரு கணம் யோசித்தார். சமன்பாட்டில் டீசல் எங்கும் இல்லை.

"அதுவும் வேணாம் சார்."

தாளாளர் நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். கணிதத் துறையில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஒரு கல்லூரியில் என்னென்ன நடக்குமோ அவைதான். சுற்றறிக்கை வந்தது. குழு போட்டார்கள். குழுவுக்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். இயற்பியல் துறைத் தலைவரையும் அதில் சேர்த்தார்கள். அவர் ஓய்வுபெறக் கொஞ்ச மாதங்களே இருந்தன. ஆற்றல் அழியாமை விதியைவிட மன அமைதி அழியாமை விதி அவருக்கு முக்கியமாகப் பட்டது. "காகிதத்துல வந்திருக்குன்னா நேர்லயும் ஒரு தடவ பாத்துடலாமே" என்று மட்டும் சொன்னார். அதைச் சந்தேகம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஆதரவு என்றும் எடுத்துக்கொள்ளலாம். தாளாளர் ஆதரவு என்று எடுத்துக்கொண்டார். கல்லூரி ஆண்டு விழாவின்போது எல்லோர் முன்னிலையிலும் செய்து காட்டுவது என்று முடிவானது.

சின்ன மிஸ் இன்னொரு தடவை போய்ச் சொன்னாள். இந்தத் தடவை காகிதத்தில் சமன்பாடு எழுதி, ஒவ்வொரு அடிக்கும் ஆரம் எத்தனை மடங்கு பெருகுகிறது என்று வர்க்கமூலத்தோடு நிறுவிக் காட்டினாள். பெரிய மிஸ் அதை வாங்கிப் படித்தார். கையெழுத்து முன்னைவிடப் பரவாயில்லை என்றார்.

"மேடம், விழாவுல எல்லார் முன்னாடியும் அது வளராது."

"ஏன் வளராது? நீ அங்க வந்து அடியைச் சின்னதாக்காம இருந்தா சரி."

விழா நாளில் பிரதான கட்டடத்தின் மாடிப்படிக் கூடத்தில், மேல்தளத்துக் கைப்பிடியிலிருந்து கயிறு இறங்கியது. அதன் முனையில் விளையாட்டுத் துறையிலிருந்து இரவல் வாங்கிய இரும்புக் குண்டு. சுருள்கம்பி அந்தக் கனத்தைத் தாங்காது என்பதால் ஊசல்தான் என்று துணைக்குழு தீர்மானித்திருந்தது. சின்ன ஆட்டத்துக்கு இரண்டுக்கும் ஒரே சமன்பாடுதான். குண்டை எங்கிருந்து விடப்போகிறார்களோ அங்கே தரையில் சுண்ணாம்புக் கோடு. குண்டு அதைத் தாண்டி வந்தால் வெற்றி. தாண்டியதோடு நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது என்றும் துணைக்குழு யோசித்திருந்தது. பார்வையாளர்களைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தினார்கள். முதலுதவிப் பெட்டியோடு ஒரு நர்ஸ் நின்றார். முன்வரிசைக்கு மட்டும் ஹெல்மெட் கொடுத்தார்கள். தாளாளர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் பெரிய மிஸ், அதே ஹெல்மெட்டில். பின்வரிசையில் தலைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் சின்ன மிஸ்ஸும் பல் டாக்டரும்.

"அடிபட்டா பல்லு போகுமா?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"போகாது. ஒண்ணுமே நடக்காது."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

பெரிய மிஸ் எழுந்து பேசினார். நன்றாகத்தான் பேசினார். இயற்பியல் துறைத் தலைவர் குண்டைச் சுண்ணாம்புக் கோடு வரை இழுத்துப் பிடித்து, கையை எடுத்தார்.

குண்டு போனது. வந்தது. கோட்டைத் தொடவில்லை. முதல் தடவைதானே என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மறுபடி போனது, மறுபடி வந்தது. கோட்டுக்கு இன்னும் கொஞ்சம் முன்னாலேயே திரும்பியது. நர்ஸ் பெட்டியைக் கீழே வைத்தார். குண்டு நாகரிகமாக, யாருக்கும் தொந்தரவு தராமல், தன் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கூடத்தில் கயிறு முனகும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்பத்தான் சூடாகுதோ?" என்றார் தாளாளர். அவருடைய பஸ்களில் சில அப்படித்தான்.

அவர் ஹெல்மெட்டோடு பின்னால் திரும்பினார்.

"சின்ன மேடம், நீங்களும் கணக்குதானே. என்ன ஆச்சு, நீங்க சொல்லுங்க."

இந்த நிமிஷத்துக்காகச் சின்ன மிஸ் வாரக்கணக்கில் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். அதில் நல்ல நல்ல வரிகள் இருந்தன. சில வரிகளைக் குளிக்கும்போது சத்தமாகவே சொல்லிப் பார்த்திருக்கிறாள். எழுந்து நின்றபோது முன்வரிசையில் அண்ணியின் பின்கழுத்து தெரிந்தது. ஹெல்மெட்டின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவிழ்க்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. ஒத்திகை பார்த்த வரிகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"மேடம் போட்ட சமன்பாட்டுல தப்பு இல்ல சார். அதைத் தீர்க்க எடுத்துக்கிட்ட அடிதான் பெருசு. அதனால படம் விரியுது. நிஜக் குண்டுக்கு அந்த அடியெல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு ஆடும், காத்துல குறையும்."

பெரிய மிஸ் எழுந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"இதை நீங்க கண்ணால பாக்கணும்னுதான் இவ்வளவு ஏற்பாடும் பண்ணேன்," என்றார். "மெஷின் ஒரு படம் போட்டுக் குடுத்தா அப்படியே நம்பிடறீங்க. படம் அழகா இருந்தா கேள்வியே கேக்கறதில்ல. கேள்வி கேட்டது யாரு? இந்தக் கூடத்துலயே ஒருத்தங்கதான்."

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் ஹெல்மெட்டோடு தட்டினார்கள். சின்ன மிஸ் தன் வாழ்நாளில் பார்த்த மிகத் துல்லியமான திசைமாற்றம் அது. எந்த மென்பொருளாலும் அதைக் கணக்கிட்டிருக்க முடியாது. தாளாளர் மட்டும் கைதட்டவில்லை.

"அப்ப டீசல் போட்டுத்தான் ஆகணுமா?"

"போட்டுத்தான் சார் ஆகணும்," என்றார் பெரிய மிஸ், அதையும் தானே நிறுவியது போல.

திரும்பும்போது காரில் பல் டாக்டர் பின்சீட்டில் தூங்குவதாகப் பாவனை செய்தார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?" என்றார் பெரிய மிஸ், சாலையைப் பார்த்தபடியே.

"அவர் கேட்டார் அண்ணி."

"தனியாச் சொல்லியிருக்கலாம்."

"ரெண்டு தடவ சொன்னேன்."

"சொன்ன. ஆனா அண்ணிகிட்ட சொல்ற மாதிரி சொல்லல. பரீட்சைத் தாளத் திருத்துறவ மாதிரி சொன்ன." வண்டியை ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நிறுத்தினார். "எனக்கு இப்பவும் புரியல. ஒவ்வொரு அடியும் பாக்க சரியான திசையிலதான் போகுது. அப்புறம் எப்படித் தப்பான எடத்துக்குப் போய்ச் சேருது?"

சின்ன மிஸ் மறுபடியும் வர்க்கமூலத்தை ஆரம்பித்தாள். பெரிய மிஸ் கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "ம்" என்றார். புரிந்தவர்கள் சொல்லும் "ம்" இல்லை அது.

ஞாயிற்றுக்கிழமை காலை மேல்வீட்டு மணி அடித்தது. வாசலில் பெரிய மிஸ் நின்றார். ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் எண்ணெய் உறிஞ்சாத தாள். மகளுக்குக் கேக் செய்வதற்காகத் தட்டுக்குள் அடியில் போட வட்டமாகத் தாள் வெட்டிக்கொண்டிருந்தாராம்.

"வா, உக்காரு. இங்க பாரு."

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, அங்கே இருந்த தட்டை வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டார். கத்தரியை அகலத் திறந்து, கோட்டின் திசையில் நேராக ஒரு நீள வெட்டு வெட்டினார். கோட்டுக்கு வெளியே போய் நின்றது. நின்ற இடத்தில் வட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தத் திசையில் மறுபடி நேராக ஒரு நீள வெட்டு. இன்னும் வெளியே. சுற்றி வந்தபோது கத்தரி, தொடங்கிய இடத்துக்கு ஒரு விரற்கடை வெளியே நின்றது. தாள் வட்டமாகக் கழன்று வராமல் சுருளாகத் தொங்கியது.

"இப்ப கத்தரி நுனியால." இன்னொரு தாளை எடுத்துக் குட்டிக் குட்டி வெட்டாகச் சுற்றி வந்தார். ஏறக்குறைய சரியாக வந்து மூடியது.

"ஒவ்வொரு வெட்டும் நேர்மையானதுதான்," என்றார் பெரிய மிஸ். "திசை தப்பில்ல. அடுத்தது பாக்காம ரொம்ப தூரம் போயிடறதுதான் தப்பு. இதத்தானே நீ அவ்வளவு எழுத்தா எழுதிக் காட்டின?"

"இதத்தான் அண்ணி."

"மொதல்லயே கத்தரிக்கோல எடுத்திருக்கக் கூடாதா?"

சின்ன மிஸ் தொங்கிய சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பாடம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் கைக்கெட்டும் தூரத்தில் எங்கோ ஒரு கத்தரிக்கோல் இருந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல், அந்த விளக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வாரம் பெரிய மிஸ் இரண்டாம் ஆண்டு வகுப்பில் சிறப்புச் சொற்பொழிவு நடத்தினார். மென்பொருளை நம்பலாமா என்று தலைப்பு. கரும்பலகை அளவு தாளில் வட்டம் போட்டு, துணிக்கடைக் கத்தரியால் வெட்டிக் காட்டினார். நீளச் சுருள் மேசையிலிருந்து தரை வரை இறங்கியபோது வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. தூங்கிய ஒருவர்கூட இல்லை. கேள்விகள் வந்தன. அடியை எவ்வளவுதான் சின்னதாக்கினாலும் கொஞ்சம் பிழை மிஞ்சுமா என்று ஒரு மாணவி கேட்டாள். மிஞ்சும், அதனால்தான் இதைவிட நல்ல முறைகள் இருக்கின்றன, அவற்றைச் சின்ன மிஸ் சொல்வார் என்று பெரிய மிஸ் பதில் சொன்னார். சரியான பதில். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சின்ன மிஸ்ஸுக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்குமா என்று கடைசி வரை தேடினாள்.

பக்கத்துக் கல்லூரிகள் இரண்டு அதே சொற்பொழிவுக்காகப் பெரிய மிஸ்ஸைக் கூப்பிட்டன. நிர்வாகம் கணினிக் கணக்குகளின் துல்லியத்தைச் சோதிக்க ஒரு குழு அமைத்தது. அதன் தலைவி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழுவுக்குச் செயலாளராகச் சின்ன மிஸ்ஸை நியமித்து ஆணை வந்தது. பரிந்துரைத்தது யார் என்பதை அன்று மாலையே காரில் பெரிய மிஸ் நினைவூட்டினார்.

"இது நல்ல பாடம். உன் வகுப்புல இதெல்லாம் சொல்லித் தரலாமே?" என்றும் பெரிய மிஸ் கேட்டார்.

"வருஷாவருஷம் சொல்லித் தரேன் அண்ணி."

"அப்படியா? பசங்க யாருமே சொல்லலையே."

அடுத்த பருவத்தில் சின்ன மிஸ் புது மாணவர்களுக்கு அந்தப் பாடத்தை எடுக்கப் போனாள். கையில் குறிப்புகளோடு தாளும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டாள். வட்டம் போட்டு முதல் வெட்டைத் தொடங்குவதற்குள் முன்வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான்.

"மிஸ், இது பெரிய மிஸ் கண்டுபிடிச்சதுதானே? சீனியர்ஸ் சொன்னாங்க."

சின்ன மிஸ் கத்தரியைத் திறந்தபடியே அவனைப் பார்த்தாள். இந்த முறை எவ்வளவு பழையது, யார் யாருக்கெல்லாம் எத்தனை காலமாகத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தாள். வகுப்பு முழுவதும் விழித்துக்கொண்டிருந்தது.

"கத்தரிக்கோல் அவங்களோடதுதான்," என்றாள். "கிட்ட வாங்க, பின்னாடி இருக்கிறவங்களுக்குத் தெரியாது."